சேஷன் உட்கார்ந்த இலைகள்

கரமனை அக்ரகாரத்தில் ஒருநாள் காலை சேஷன் ஆற்றில் முழுகி, திருநீறு பூசி, பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, அஞ்சல் ஆபீஸுக்குப் போகாமல் வேறு திசையில் நடந்தான் என்றால், தெருவில் இரண்டு கதவாவது சாத்திக்கொள்ளும். குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு அவன் சேஷன் இல்லை. எங்கேயோ ஒரு வீட்டில், தானாக உயிரை விட்ட ஒருவராக, இலையில் உட்காரப் போகிறான்.

அட, அப்படி என்ன பெரிய மந்திரவாதியா அவன்? ஒன்றுமில்லை. அஞ்சல் ஆபீஸில் கடுதாசி தரம் பிரிக்கிற குமாஸ்தா. ஒல்லி உடம்பு, முன்னால் வளைந்த கழுத்து, பல்லைக் காட்டாத சிரிப்பு. கூட்டத்தில் தொலைத்தால் கட்டின பெண்டாட்டியே கண்டுபிடிக்கத் திணறுவாள். அப்படிப்பட்டவனைக் கண்டுதான் ஊர் நடுங்கியது.

சிராத்தம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. செத்துப்போனவரின் திதியன்று ஒரு பிராமணரை அழைத்து, செத்தவராகவே நினைத்து, பலகை போட்டு உட்கார வைப்பார்கள். மகன் அவர் காலைக் கழுவுவான். இலை போட்டுப் பரிமாறுவான். அவர் வாய் திறக்கக் கூடாது; சமையல் நன்றாயிருக்கிறது, இல்லை என்று ஒரு சொல் கூடாது. வேண்டியதைக் கையால்தான் காட்டுவார். கடைசியில் மகன் வடமொழியில் கேட்பான், திருப்திதானா என்று. அவர் திருப்தி என்பார். அந்த ஒரு வார்த்தை வாங்கத்தான் இத்தனை பாடும். அதோடு போனவர் நிம்மதியாகப் போய்விடுவார், அடுத்த வருஷம் வரைக்கும்.

சேஷனுடைய அப்பா பஞ்சாபகேசனுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு மனித வாய் கிடைக்கவில்லை. இந்தக் கதை அவ்வளவுதான்.

பஞ்சாபகேசன் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர். கையில் காசு தங்காவிட்டாலும் கடன் கிடையாது. வீட்டில் சண்டை கிடையாது, உடம்பில் வியாதியும் கிடையாது. கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தொன்பது, கர்க்கடகம் என்கிற ஆடி மாதம், ஒரு விடியற்காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். சேஷனுக்கு அப்போது பத்தொன்பது வயது. செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தவன், அப்பா வாசல் தாண்டியதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படித்துறையில் மேலிருந்து மூன்றாவது படியில் துண்டு நாலாக மடித்து வைத்திருந்தது. அதன்மேல் மோதிரம். பக்கத்தில் பொடி டப்பா. கால் தவறி விழப் போகிற எவனாவது மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டா விழுவான்? ஊருக்குக் கண் இல்லையா என்ன!

ஏன் போனார் என்று யாருக்கும் தெரியாது. சேஷனுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அழுது தீர்த்திருப்பான். தெரியாததால் அது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அப்பாவுக்கு என்ன குறை வைத்தோம் என்று, கடுதாசி பிரிக்கும்போதும் யோசிப்பான், சோற்றில் கை வைக்கும்போதும் யோசிப்பான்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? தங்கைக்கு நிச்சயம் ஆகியிருந்த வரன் ஒரே வாரத்தில் கலைந்தது. பிறகு அம்பாசமுத்திரம் பக்கத்தில், இங்கத்து விஷயம் எட்டாத ஒரு கிராமத்தில், ரெண்டாம் தாரமாக அவளைக் கொடுத்தார்கள். அம்மா அடுத்த வருஷமே கண்ணை மூடினாள். படித்துறையில் அந்த மூன்றாவது படியை எல்லாரும் தாண்டி மிதித்தார்கள். நாலைந்து வருஷத்தில் அந்தப் படி மட்டும் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. மேலும் கீழும் தேய்ந்து பளபளக்க, நடுவில் அது ஒன்று மட்டும் உயிரோடு இருப்பதுபோல் இருக்கும்.

சாம்பசிவ சாஸ்திரிகள் தெருவுக்குச் சடங்கு செய்து வைக்கிற வாத்தியார். நல்ல மனுஷர், கொஞ்சம் பயந்தவர். வருஷம் திரும்பியதும் சேஷனைத் திருவல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், துர்மரணம் அடைந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய நாராயண பலியைச் செய்வித்தார். "இனி ஒரு தோஷமும் இல்லைடா சேஷா. எல்லாரையும் போல சிராத்தம் பண்ணலாம்" என்றார்.

சாஸ்திரம் ஒத்துக்கொண்டது. தெரு ஒத்துக்கொள்ளவில்லை. படித்துறையில் நின்று ராமசுப்ரமணியன் சொன்ன வார்த்தை அப்படி. சமூகத்துக் காரியங்களை முன்னின்று பார்க்கிறவர், கடுக்கனும் குடையுமாக நடக்கிறவர், வயிற்றுக் கோளாறால் அரை வயிறு மோர்சாதத்துக்கு மேல் சாப்பிடாதவர். "அந்த இலையில ஒக்காரறவன் அந்தப் பசியைத் தன் ஆத்துக்குக் கொண்டு வருவான், கேட்டேளா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எவன் வருவான்?

ஆள் கிடைக்காத வீட்டில் தர்ப்பைப் புல்லை முடிந்து பலகையில் வைத்துச் செய்ய விதி உண்டு. அப்படியே செய்தார்கள். புல்லுக்குப் பாத பூஜை. புல்லின் முன்னால் இலை. அப்பம், வடை, பாயசம் எல்லாம் புல்லுக்கு. சேஷன் திருப்திதானா என்று கேட்க, சாஸ்திரிகளே திருப்தி என்று பதிலும் சொல்லிவிடுவார். சேஷன் மனசுக்குள் முனகிக்கொள்வான். அப்பா ஒரு வாய் சாப்பிடவில்லை, திருப்தியாம்!

இன்னொன்றும் உண்டு. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பாதிச் சடங்கில் அந்தப் புல்முடிச்சு மெதுவாகச் சாயும். ஈரப் புல் காய்ந்தால் சாயத்தான் செய்யும், இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் வருஷா வருஷம் ஆற்றுப் பக்கமாகவே ஏன் சாய வேண்டும்? ஒரு வருஷம் பலகையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். அப்போதும் ஆற்றுப் பக்கம்தான்.

இவன் மற்றவர்களுக்காக உட்கார ஆரம்பித்தது ஐந்தாம் வருஷம். வலியசாலையில் ஒரு வீட்டில் பதினெட்டு வயது மருமகள் கிணற்றில் போய்விட்டாள். புருஷன்காரன் அழுது அரற்றுகிறான், உட்கார ஆள் இல்லை. சாஸ்திரிகள் தயங்கித் தயங்கி வந்து கேட்டார். "வெறுதே, எனக்காகன்னு வரவேண்டாம்டா, மனசு இருந்தா வா. தலைவிதி, உனக்குத்தான் இதோட வலி தெரியும்." சேஷன் யோசிக்கவே இல்லை. வருகிறேன் என்றான்.

அந்த வீட்டில் நடந்ததுதான் ஊர் முழுக்கப் பரவியது. சேஷனுக்குப் பிறந்ததிலிருந்தே தித்திப்பு ஆகாது. அன்றைக்கு இலையில் விழுந்த அதிரசத்தை எடுத்தவன், இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைத் தின்றுவிட்டு, மறு பாதியை இலைக்கு அடியில் ஒளித்து வைத்தான். பரிமாறிக்கொண்டிருந்த மாமியார் அதைப் பார்த்தாள். கரண்டி கை நழுவி விழுந்தது. அந்தப் பெண் உயிரோடிருந்த நாளில், வயிறாரக் கொடுக்காத அந்த மாமியாருக்குப் பயந்து, அப்படித்தான் ஒளித்து வைப்பாளாம். சேஷனைக் கேட்டால், "நானா? அதிரசமா?" என்று விழித்தான். இலையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் நம்பினான்.

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிடலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அன்று அவன் திருப்தி என்று சொன்னதும், அந்தப் புருஷன் மூச்சு விட்டான் பாருங்கள், ஒரு வருஷமாக அடைத்து வைத்திருந்த மூச்சு. அதைப் பார்த்தவர்கள் பேயா பொய்யா என்று வாதாட மாட்டார்கள்.

அதற்குப் பிறகு கோட்டைக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள், நெய்யாற்றின்கரையிலிருந்து கூப்பிட்டார்கள். எல்லாம் காதோடு காதாகத்தான். வாசல் வழியே வராமல் கொல்லை வழியே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். காரியம் ஆனதும், தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காரியம் ஆகும்வரை காலைப் பிடி, ஆன பிறகு கழுத்தைப் பிடி. சேஷன் கோபித்துக்கொண்டதில்லை. எங்கே போனாலும் தன் அப்பாவின் இலைக்கு ஒருத்தராவது பதிலுக்கு வர மாட்டாரா என்ற ஒரே நப்பாசை. ஒருத்தரும் வரவில்லை.

சுசீந்திரத்திலிருந்து வந்தவள் அவன் மனைவி நாகலக்ஷ்மி. தாயில்லாப் பெண். எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டாள். சேஷன் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டு வரும் நாளில் அவள் வாசற்படியில் குறுக்கே நிற்பாள்.

"ஏன்னா, உள்ள வரதுக்கு முன்னாடி பேரைச் சொல்லுங்கோ."

"சேஷன்" என்பான். அப்புறம்தான் வழி விடுவாள். முதலில் அவளே சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஒருநாள் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தவன், கேட்டதும் பதில் சொல்லாமல் நின்றான். அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டைப் பார்த்தான், புதிதாகப் பார்க்கிறவனைப்போல. ஒரு நாழிகை இருக்கும் என்று அவள் சொல்வாள். கணக்குப் பார்த்தால் பத்து மூச்சு நேரம் இருந்திருக்கும். பிறகு "சேஷன்" என்றான். அன்று முதல் அவள் சிரிக்காமல்தான் கேட்டாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். பதின்மூன்றாம் வருஷம் அது ராமசுப்ரமணியன் வீட்டுக்கு வந்தது. அவருடைய அம்மா, எழுபது தாண்டியவள், பின்கட்டில் ஒரு மூலையில் கிடந்தவள், ஒரு மத்தியான வேளையில் கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் இறைக்கப் போய் வழுக்கிவிட்டது என்று வீட்டார் சொன்னார்கள். இரண்டு வருஷமாக எழுந்து நிற்க முடியாதவள் தண்ணீர் இறைத்தாளாம்! ஊர் கேட்டுக்கொண்டது. பிறகு அந்த வாசலில் வருவோர் போவோர் குறைந்தார்கள்.

வருஷாப்திகத்துக்குப் பத்து நாள் இருக்கையில், நல்ல வெயில் வேளையில், குடையை மடக்கிக்கொண்டு ராமசுப்ரமணியன் சேஷன் வீட்டுக்கு வந்தார். கொல்லை வழியே அல்ல, வாசல் வழியே வந்தார். அந்த ஒன்றை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும்.

"உக்காருங்கோ மாமா" என்றான் சேஷன்.

அவர் உட்காரவில்லை. "சேஷா, ஒருத்தனும் வரமாட்டேங்கறான். நான் கட்டிவிட்ட வார்த்தை என் கழுத்தையே சுத்திண்டாச்சு. அம்மாவுக்கு நீ ஒக்காரணும்."

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த நாகலக்ஷ்மியின் கை நின்றுவிட்டது. பதின்மூன்று வருஷம்! முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி தீர்ந்துவிடும். சேஷனுக்கும் அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவனும் உப்புப் போட்டுச் சோறு தின்கிறவன்தானே.

"வரேன் மாமா" என்றான் கடைசியில். "ஆனா கர்க்கடகத்துல எங்கப்பாவுக்கு நீங்க ஒக்காரணும்."

ராமசுப்ரமணியனுக்கு முகம் வெளுத்தது. "எனக்குப் பேடியா இருக்குடா, பயமா இருக்கு" என்றார். கடுக்கன் போட்ட பெரிய மனுஷர் குழந்தை மாதிரி அதைச் சொன்னார்.

"எனக்கும்தான் மாமா. ஒவ்வொரு தரமும் இருக்கு. சாரமில்லை, பரவாயில்லை, ஒக்காந்தா போயிடும்."

சேஷன் போய் உட்கார்ந்தான். அன்றைக்கு இலையில் அவன் கை வைத்த இடமெல்லாம் குழைந்த சோறும் ரசமும்தான்; பல்லில்லாதவர்கள் தேடுவது. திருப்தி என்று சொன்னான். வாசல் வரை கூடவே வந்த ராமசுப்ரமணியன், மெல்ல, "அது யார் சொன்ன வார்த்தை சேஷா? நீ சொன்னயா, அவ சொன்னாளா?" என்று கேட்டார்.

"நேக்குத் தெரியாது மாமா. நெஜமாவே தெரியாது."

கர்க்கடகம் பிறந்தது. திதியன்று வானம் பிளந்துகொண்டு கொட்டிற்று. ஆற்றின் இரைச்சல் கூடத்துக்குள் கேட்டது. வர மாட்டார் என்றே சேஷன் நினைத்தான். பக்கத்தில் புல்லை முடிந்தும் வைத்திருந்தான். உச்சிப் பொழுதுக்குச் சற்று முன்னால் ராமசுப்ரமணியன் நனைந்த குடையோடு வந்து சேர்ந்தார். தெருக்காரர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள்.

சிராத்தத்தில் தேவர்களுக்கும் ஒரு பலகை உண்டு; அதில் எப்போதும்போல் தர்ப்பை. அப்பாவுக்கான பலகையில், பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு மனிதர். சேஷன் அவர் காலைக் கழுவினான். பிறர் தன் காலைக் கழுவி எத்தனையோ முறை பார்த்தவன்தான். ஆனால் இன்று கழுவுகிற கை அவனுடையது. கால் சூடாக இருந்தது. ஆமாம், சூடாக, உயிருள்ள காலாக இருந்தது. கழுவி முடித்தும் அவன் அதை உடனே விடவில்லை.

பரிமாறினார்கள். அரை வயிறு மோர்சாதக்காரர், கொஞ்சம் கொறித்துவிட்டு எழுந்துவிடுவார் என்று சாஸ்திரிகள் எண்ணியிருந்தார். ராமசுப்ரமணியன் முதலில் மெதுவாகத்தான் சாப்பிட்டார். பிறகு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. சோறு மறைந்தது. கையைக் காட்டினார். நாகலக்ஷ்மி இன்னும் போட்டாள். மறைந்தது. வடை, அப்பம், எள்ளுருண்டை, பயறு, பாகற்காய். மறுபடியும் கை. மறுபடியும் சோறு. கடுக்கன் ஆடிக்கொண்டே இருந்தது. தலை மட்டும் நிமிரவில்லை.

நாகலக்ஷ்மி அடுக்களை வாசலில் நின்று, பாத்திரத்தின் அடி தெரிகிறது என்று கண்ணால் காட்டினாள். சாஸ்திரிகளுக்கு மந்திரம் தடுமாறிற்று.

"டேய் சேஷா, போறும். கேட்டுடு, திருப்தியான்னு கேட்டுடு" என்று கிசுகிசுத்தார். "எனக்கு இது சரியாப் படலை."

சேஷன் கேட்கவில்லை.

"கேளுடா!"

"இருங்கோ. அப்பா சாப்பிட்டுண்டிருக்கார்."

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் பல் தெரியச் சிரிப்பு. சாஸ்திரிகளுக்கு அந்தச் சிரிப்பைக் கண்டதும்தான் அதிகப் பயம் வந்ததாம். ஆனால் சேஷனுக்குப் பயமே இல்லை. பதினான்கு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவனுக்கு, அது கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் ஒன்று விளங்கிவிட்டது. கேட்டுவிட்டால் திருப்தி என்பார். திருப்தி என்றால் எழுந்துவிடுவார். எழுந்தால் போய்விடுவார். கேட்காமல் இருக்கும் வரைக்கும் அப்பா இங்கே, இந்தப் பலகையில், தன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். என்ன அவசரம்? மழை பெய்யட்டும். அவன் போய்ப் பாயசப் பாத்திரத்தைத் தானே எடுத்து வந்து, சாய்த்துச் சாய்த்து விட்டான்.

நாகலக்ஷ்மி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். இலையை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். ராமசுப்ரமணியனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணிலிருந்து நீர் இலையில் சொட்டியது. விழுங்க முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். கை மட்டும் தன் பாட்டுக்கு, போடு போடு என்று காட்டிக்கொண்டே இருந்தது.

"ஏன்னா, அவரைப் பாருங்கோ" என்றாள். "இவர் செத்துடுவார். நீங்க கேக்கலைன்னா இவர் நிறுத்த மாட்டார். விட்டுடுங்கோ. அப்பாவைப் போக விடுங்கோ."

சேஷன் நிமிர்ந்து பார்த்தான். அப்பா போன அந்தக் காலையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தபோது பார்க்காத பார்வை அது என்று பிறகு அவளிடம் சொன்னான். பாத்திரத்தைக் கீழே வைத்தான். கை கூப்பி, வடமொழியில், நாக்குத் தடுமாறாமல் கேட்டான். திருப்திதானா?

ஆடிக்கொண்டிருந்த கை நின்றது. கூடத்தில் மழைச் சத்தம் மட்டும். ராமசுப்ரமணியன் தலை தூக்கினார். வடமொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வந்தது வீட்டுத் தமிழ்.

"போறும்டா குழந்தே. நீ சாப்பிடு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரம் கழித்து, கை கழுவ எழுந்தபோது, சாஸ்திரிகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் பதில் சொன்னேனோ? வாயைத் தொறந்த ஞாபகமே இல்லையே" என்று கேட்டார். சாஸ்திரிகள் அவர் கையில் தண்ணீர் ஊற்றினார்.

நாகலக்ஷ்மி பாத்திரத்தைச் சுரண்டி மிச்சமிருந்த சோற்றைச் சேஷனுக்கு இலையில் போட்டாள். ஒரு கவளம் உருட்டி வாயில் வைத்தான். மென்று விழுங்கப் பார்த்தான். முடியவில்லை. வாய் நிறையச் சோற்றோடு, தெருவெல்லாம் கேட்கும்படி, "அப்பா" என்று அழுதான்.